கழண்டு வந்த கேப்: சிர்கோனியாவுல பசை ஏன் ஒட்ட மாட்டேங்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வேங்கிக்கால்ல இருந்து பேசறேன். பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, கலெக்டர் ஆபீஸ் ரோடு பக்கம்தான் வீடு.

இன்னைக்குப் பேசப் போறது ஒரு பல்லைப் பத்தி. எங்க அம்மாவோட பல்லு. கீழ்த்தாடை, வலது பக்கம், கடைசிக்கு முந்தின கடவாய்ப் பல். அதுல ரூட் கெனால் பண்ணி, மேல சிர்கோனியா கேப் போட்டிருந்தாங்க. போட்டு எட்டு மாசம்தான் ஆகியிருந்தது.

தீபத்துக்கு மறுநாள். திருவண்ணாமலைக்காரங்களுக்குத் தெரியும், கார்த்திகை தீபம்னா வீட்டுல பொரி உருண்டை இருக்கும். வெல்லப் பாகு கொஞ்சம் முத்திப் போச்சுன்னா அது உருண்டை இல்ல, பசை. அம்மா ஒரு கடி கடிச்சாங்க. அடுத்த நிமிஷம் கூப்பிடறாங்க: "டேய், கேப்பு கழண்டு வந்துடுச்சுடா!" பார்த்தா பொரி உருண்டைக்குள்ள பல்லு மாதிரி ஒண்ணு உட்கார்ந்திருக்கு.

முதல்ல எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் சிரிப்பு நின்னுது, ஏன்னா இது முதல் தடவை இல்ல. அதே கேப் நாலு மாசத்துக்கு முன்னாடியும் ஒரு தடவை கழண்டிருக்கு. போட்ட இடத்துலயே போய் திரும்ப ஒட்டிட்டு வந்திருக்காங்க. இப்போ ரெண்டாவது தடவை. அங்கே போய்க் கேட்டதுக்கு, "பல்லு கொஞ்சம் குட்டை, அதான் நிக்கல. பல்லை எடுத்துட்டு இம்ப்ளான்ட் போட்டுக்கலாம்"னு சொல்லிட்டாங்க. எந்த இடம்னு நான் சொல்லப் போறதில்ல, அது இந்தக் கதைக்குத் தேவையும் இல்ல.

அம்மாவுக்கு அறுபது வயசு ஆகப் போகுது. வலிக்காத, ஆடாத ஒரு பல்லை, மேல இருக்குற மூடி நிக்கலங்கறதுக்காகப் பிடுங்கணுமா? எனக்கு அது சரியாப் படல. வீட்டுல ஓடு பறந்துச்சுன்னா ஓட்டைத்தானே திரும்ப மாட்டுவோம், சுவரையா இடிப்போம்? அங்கேதான் இந்த எபிசோட் ஆரம்பிச்சது.

முதல்ல, தப்பு எங்கே?

என் காலேஜ் சீனியரோட அக்கா பல் மருத்துவர். செயற்கைப் பல், கேப், பிரிட்ஜ் இதெல்லாம் பொருத்துறதுலதான் எம்டிஎஸ் படிச்சிருக்காங்க. கேப்பை ஒரு சின்ன டப்பாவுல போட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். அவங்க முதல்ல பல்லைப் பார்க்கல. கேப்பை வாங்கித் திருப்பி, உள்பக்கத்தை விளக்குல காட்டிப் பார்த்தாங்க. "உள்ள பாரு தம்பி, எப்படி இருக்கு?"ன்னாங்க. பளபளன்னு இருந்துச்சு. சிமென்ட் ஒரு துளி கூட இல்ல. அப்புறம் அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தா, சிமென்ட் மொத்தமும் பல்லு மேலயே இருக்கு.

"அப்போ பல்லு பசையை விடல. கேப்தான் விட்டிருக்கு"ன்னாங்க.

நம்ம ஆளுங்களுக்கு இது புரியும். ஒரு சிஸ்டம் விழுந்துச்சுன்னா முதல் கேள்வி, எந்த இணைப்புல விழுந்தது? இங்கே மூணு பொருள் இருக்கு: பல், சிமென்ட், சிர்கோனியா. மூணு பொருளுக்கு நடுவுல ரெண்டு இணைப்பு. சிமென்ட் கேப்புக்குள்ள ஒட்டி வந்திருந்தா, பல் பக்கத்து இணைப்பு போச்சுன்னு அர்த்தம். சிமென்ட் பல்லுல இருந்து, கேப் சுத்தமா வந்திருந்தா, சிர்கோனியா பக்கத்து இணைப்பு போச்சு. ரெண்டுலயும் பாதிப் பாதி இருந்தா சிமென்ட்டே நடுவுல பிளந்திருக்கு. கழண்ட கேப்பைத் திருப்பிப் பார்க்குறது, லாக் ஃபைல் படிக்கிற மாதிரி.

அம்மா பல்லு குட்டைதான், அது பொய் இல்ல. ஆனா குட்டையா இருந்த பல்லு தன் பக்கத்து ஒட்டைக் கடைசி வரைக்கும் பிடிச்சிட்டு இருந்திருக்கு. கைவிட்டது, எல்லாத்தையும் விட உறுதியானதுன்னு சொல்லி வித்த அந்த சிர்கோனியா.

உறுதியான பொருள் ஏன் ஒட்ட மாட்டேங்குது? அந்த உறுதிக்கும் இந்த ஒட்டாமைக்கும் காரணம் ஒண்ணேதான். அதைப் புரிஞ்சிக்க அந்தப் பொருளைக் கொஞ்சம் தெரிஞ்சிக்கணும்.

இலங்கைக் கல்லும் மணவாளக்குறிச்சி மணலும்

1789-ல பெர்லின்ல மார்ட்டின் ஹைன்ரிச் கிளாப்ரோத்னு ஒரு வேதியியலாளர், இலங்கையில இருந்து வந்த சிர்கான் கல்லை ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்தார். அதுல அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத ஒரு தனிமம் இருக்குன்னு கண்டுபிடிச்சார். அதுதான் சிர்கோனியம். நிறமில்லாத சிர்கானை இலங்கையில ஒரு காலத்துல "மாத்தறை வைரம்"னே சொல்லியிருக்காங்க.

நம்ம பக்கமும் இது இருக்கு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இல்மனைட், மோனசைட், கார்னெட் கூட சிர்கானும் கிடைக்குது. மத்திய அரசோட ஐஆர்இஎல் நிறுவனம் அங்கே பிரிச்சு எடுக்குது. தூத்துக்குடி பக்கம் பழையகாயல்ல சிர்கோனியம் தயாரிக்கிறதுக்குன்னே ஒரு வளாகம் இருக்கு. அது அணு உலைகளுக்கான வேலை. அம்மா வாயில இருக்குறது அந்த மணல்ல இருந்து வந்ததுன்னு நான் சொல்லல. இந்தப் பொருள் நமக்கு அவ்வளவு தூரம் இல்லைன்னு மட்டும் சொல்றேன்.

சிர்கோனியம் உலோகம். அது ஆக்சிஜனோட சேர்ந்தா சிர்கோனியா, அதாவது செராமிக். சாதாரண செராமிக் எப்படி உடையும்? பீங்கான் தட்டுல ஒரு சின்ன விரிசல் விழுந்தா அது ஓடிக்கிட்டே போய் தட்டு ரெண்டாப் போயிடும். 1975-ல கார்வி, ஹேனிங்க், பாஸ்கோன்னு மூணு பேர் ஆஸ்திரேலியாவுல இருந்து நேச்சர் இதழ்ல ஒரு சின்னக் கட்டுரை எழுதினாங்க. தலைப்பே "செராமிக் எஃகு?"ன்னு ஒரு கேள்விக்குறியோட. சிர்கோனியாவுல விரிசல் ஓட ஆரம்பிச்சா, விரிசல் முனையில இருக்குற படிகங்கள் வடிவம் மாறி கிட்டத்தட்ட 4 சதவீதம் உப்பும். அந்த உப்பல் விரிசலை ரெண்டு பக்கமும் நெருக்கி நிறுத்திடும். விரிசலோட வேகமே அதுக்கு பிரேக் போடுது.

பல் மருத்துவத்துல பயன்படுறது, கொஞ்சம் இட்ரியா கலந்து நிலைப்படுத்தின சிர்கோனியா. பழைய பீங்கான் கேப்போட வளைவு உறுதி 100 மெகா பாஸ்கல் அளவுல இருக்கும். லித்தியம் டைசிலிக்கேட்னு இப்போ முன்பல்லுக்கு அதிகம் போடுற கண்ணாடி செராமிக், 400 சுத்தி. சிர்கோனியா 900-ல இருந்து 1200 வரைக்கும் போகும். அதான் கடவாய்ப் பல்லுக்கு இதைப் போடறாங்க.

ஆனா இவ்வளவு உறுதிக்கு ஒரு விலை இருக்கு. அதுக்குள்ள கண்ணாடி கிடையாது. முழுக்க முழுக்க நெருக்கமா அடுக்கின படிகம். ஒட்டுற பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

அமிலம் வேலை செய்யாத இடம்

பல்லுல பசை ஒட்டற கதை 1955-ல ஆரம்பிக்குது. மைக்கேல் புவோனோகோர்னு ஒரு பல் மருத்துவர், பாஸ்பாரிக் அமிலத்தைப் பல் எனாமல்ல தடவிக் கழுவினா மேற்பரப்பு சொரசொரப்பாகி பிசின் நல்லா ஒட்டுதுன்னு காட்டினார். கண்ணுக்குத் தெரியாத குழிகள்ல பிசின் இறங்கி இறுகிப் பிடிச்சுக்குது. இன்னைக்கு உங்க வாயில பல் நிறத்துல ஃபில்லிங் இருந்தா, அவருக்கு ஒரு நன்றி சொல்லிக்கோங்க.

கண்ணாடி இருக்குற செராமிக்கை 1980-கள்ல இருந்து ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வெச்சு அரிக்கறாங்க. அமிலம் கண்ணாடியைத் தின்னு குழி போடும். அப்புறம் சைலேன்னு ஒரு திரவம். அதோட ஒரு முனை கண்ணாடியில இருக்குற சிலிக்காவைப் பிடிக்கும், இன்னொரு முனை பிசினைப் பிடிக்கும். ஆக ஒட்டுக்கு ரெண்டு கை: ஒண்ணு குழிக்குள்ள இறங்கி மாட்டிக்கிற கை, இன்னொண்ணு வேதியியல் கை.

சிர்கோனியாவுல இந்த ரெண்டு கைக்கும் பிடி இல்ல. கண்ணாடி இல்லாததால கிளினிக்ல வழக்கமா பயன்படுத்துற அமிலம் அதை அரிக்காது. சிலிக்கா இல்லாததால சைலேனுக்குப் பிடிச்சுக்க எதுவும் இல்ல. விரிசலை நிறுத்துற அதே நெருக்கமான படிக அடுக்குதான் பசையையும் வெளியே நிறுத்துது.

அப்போ என்ன பண்றது? இருபத்தஞ்சு, முப்பது வருஷமா இந்தக் கேள்விக்கு ஆய்வு ஆய்வாப் பண்ணியிருக்காங்க. லேசர் அடிச்சுப் பார்த்தாங்க. பிளாஸ்மா காட்டினாங்க. உள்பக்கத்துல மெல்லிசா கண்ணாடி பூசிச் சுட்டு, அந்தக் கண்ணாடியை அமிலத்துல அரிச்சாங்க. சூடான அமிலக் கலவைகளையும் விடல. சோதனைக்கூடத்துல பலது நல்ல எண் கொடுத்தது. ஆனா சாதாரண கிளினிக்ல தினமும் பண்ணக் கூடிய அளவுக்கு நிலைச்சது முக்கியமா ரெண்டு விஷயம். ஒண்ணு மணல் வீச்சு, இன்னொண்ணு ஒரு மூலக்கூறு.

கொத்தி விடறது

வீடு கட்டும்போது பார்த்திருப்பீங்க. வழவழன்னு இருக்குற கான்கிரீட் தூணு மேல நேராப் பூச்சு பூச மாட்டாங்க. கொத்தனார் முதல்ல உளி வெச்சு அதைக் கொத்தி விடுவார். அப்புறம் தண்ணி அடிச்சுத் தூசியைக் கழுவுவார். அதுக்கப்புறம்தான் கலவை. கொத்தாமப் பூசினா அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும். ரெண்டு மழைக்காலம் போனா பூச்சு பொத்துனு விழும்.

சிர்கோனியாவுக்கும் இதேதான். அலுமினாத் துகள், சுமார் 50 மைக்ரான், அதாவது தலைமுடியை விட மெல்லிசு. அதைக் காத்தழுத்தத்துல கேப்போட உள்பக்கம் அடிப்பாங்க. சாண்ட் பிளாஸ்டிங்னு சொல்றது இதைத்தான். அலுமினா சிர்கோனியாவை விடக் கடினமானது, அதனால கீற முடியும். அழுத்தம் 2 பாருக்கு மேல வேண்டாம்னு பரிந்துரைக்கறாங்க. பங்க்சர் கடையில கார் டயருக்கு "முப்பது வைங்கண்ணா"னு சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த அழுத்தம்தான். நாசிலை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெச்சு, ஓரிடத்துலயே நிக்காம அசைச்சுக்கிட்டே, சில விநாடிகள்.

இதுல நடக்குறது மூணு. மேற்பரப்பு சொரசொரப்பாகுது. ஒட்டியிருக்குற அழுக்கு போகுது. புதுசாத் திறந்த மேற்பரப்புல திரவம் நல்லாப் பரவுது. தாமரை இலையில தண்ணி உருண்டு நிக்கறதுக்கும் வாழை இலையில படர்றதுக்கும் இருக்குற வித்தியாசம் மாதிரி.

இங்கே ஒரு சண்டையும் இருக்கு. அடிக்கிறதுனால கேப்புக்கு விரிசல் வராதா? நியாயமான கேள்வி. பெரிய துகள், அதிக அழுத்தம் போட்டா நுண்ணிய விரிசல் வரலாம்னு ஆய்வுகள் சொல்லுது. மெதுவா அடிச்சா, நாம பார்த்தோமே அந்தப் படிக உப்பல், அது மேற்பரப்பை இறுக்கமாக்கி உறுதியைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். ஆனா இப்போ முன்பல்லுக்கு வர்ற, அதிக இட்ரியா கலந்த, ஒளி ஊடுருவுற சிர்கோனியாவுல இந்த உப்பல் வித்தை கிட்டத்தட்ட கிடையாது. அழகு கூட, உறுதி குறைவு. அதுல இன்னும் மென்மையா அடிக்கணும். எல்லா சிர்கோனியாவும் ஒண்ணு இல்லங்கறதை மனசுல வெச்சுக்கோங்க.

இதோட இன்னொரு வகையும் உண்டு. சிலிக்கா பூசின 30 மைக்ரான் அலுமினாத் துகளை அடிக்கறது. மோதற வேகத்துல சிலிக்கா சிர்கோனியா மேல அப்பிக்கும். அப்புறம் பழைய சைலேனுக்கு ஒரு பிடி கிடைச்சிடும்.

ரெண்டு முனை உள்ள மூலக்கூறு

கொத்தினது போதுமா? போதாது. கொத்தின குழிகள் ஆழம் குறைவு. அதுல மட்டும் தொங்கிட்டிருக்க முடியாது. வேதியியல் கையும் வேணும்.

1981-ல ஜப்பான்ல குராரே நிறுவனம் ஒரு மூலக்கூறை உருவாக்கினாங்க. முழுப் பேர் வாயில நுழையாது, சுருக்கமா 10-எம்டிபி. நடுவுல பத்துக் கார்பன் நீளத்துக்கு ஒரு சங்கிலி. ஒரு முனையில பாஸ்பேட், இன்னொரு முனையில பிசினோட சேர்ந்து இறுகற பகுதி. பாஸ்பேட் முனை பல்லுல இருக்குற கால்சியத்தைப் பிடிக்கும். அப்புறம் தெரிய வந்தது, அதே முனை சிர்கோனியாவையும் பிடிக்குது. அமிலத்துக்கு அசையாத பொருள், பாஸ்பேட்டைப் பார்த்தா கை கொடுக்குது.

1998-ல ஜெர்மனியில மத்தியாஸ் கெர்னும் வெக்னரும் ஒரு சோதனை வெளியிட்டாங்க. பல வகையில சிர்கோனியாவை ஒட்டி, மூணு நாள் கழிச்சு இழுத்துப் பார்த்தாங்க. அப்புறம் 150 நாள் திரவத்துல ஊற வெச்சு, நடுநடுவுல சூடும் குளிரும் மாத்தி மாத்திக் காட்டி, திரும்ப இழுத்துப் பார்த்தாங்க. முதல்ல நல்லாப் பிடிச்சிருந்த சில முறைகள் 150 நாளுக்குள்ள தானாவே விட்டுடுச்சு. மணல் வீசி, இந்த எம்டிபி கலந்த பிசினை வெச்சது மட்டும் நின்னுது.

இதுல எனக்குப் பெரிய பாடம் அந்த 150 நாள்தான். வாய்ங்கறது 37 டிகிரி தண்ணித் தொட்டி. அதுல சூடா காப்பி, அடுத்து ஐஸ்கிரீம், அடுத்து ரசம். டெமோவுல ஓடுற எல்லாமும் ப்ரொடக்‌ஷன்ல ஓடாது. பசை விளம்பரத்துல ஒரு பெரிய எண் போட்டிருந்தா, நாம கேட்க வேண்டியது "எத்தனை நாள் தண்ணியில இருந்த அப்புறம்?"

எச்சில், துண்டு, பஸ் சீட்டு

அப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே, மணல் வீசு, எம்டிபி தடவு, ஒட்டு. அம்மா கேப் ஏன் ரெண்டு தடவை விழுந்தது? இதை அக்காகிட்ட கேட்டேன். அவங்க சொன்ன பதில்தான் இந்த எபிசோடோட உயிர்.

கேப் லேப்ல இருந்து வரும். டாக்டர் அதை உடனே ஒட்ட மாட்டாங்க. முதல்ல போட்டுப் பார்ப்பாங்க: கடி சரியா இருக்கா, ஓரம் பொருந்துதா, பக்கத்துப் பல்லுல இடிக்குதா. அந்தச் சில நிமிஷத்துல கேப்போட உள்பக்கம் எச்சில் படும். எச்சில்ல பாஸ்பேட் இருக்கு. சிர்கோனியாவுக்கு பாஸ்பேட்னா பிடிக்கும்னு இப்போதான் பார்த்தோம்.

பௌர்ணமி அன்னைக்கு நம்ம பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருக்கீங்களா? கிரிவலம் முடிச்ச கூட்டம் மொத்தமும் நிக்கும். பஸ் உள்ள நுழையும்போதே ஜன்னல் வழியாத் துண்டு விழும். உட்கார ஆள் இன்னும் ஏறவே இல்ல, சீட்டு போச்சு. எச்சில்ல இருக்குற பாஸ்பேட் அந்தத் துண்டு. அப்புறம் எம்டிபி வந்து ஏறினா உட்கார இடம் இல்ல. நின்னுக்கிட்டே வரும், முதல் வளைவுல விழும்.

லேப்லயே நல்லா மணல் வீசி அனுப்பியிருக்கலாம். போட்டுப் பார்த்ததோட அந்த வேலை கெட்டுப் போச்சு. தண்ணியில கழுவினா போகாது, ஆல்கஹால்ல துடைச்சாலும் முழுசாப் போகாது.

இன்னும் மோசமான ஒண்ணு இருக்கு. பல் மருத்துவத்துல எதையாவது சுத்தம் பண்ணணும்னா கை தானாப் போறது பாஸ்பாரிக் அமில ஜெல்லுக்கு. எனாமலுக்கு அது சரி. கண்ணாடி செராமிக்குல எச்சில் பட்டாலும் அதைத் தடவிக் கழுவறது வழக்கம். சிர்கோனியாவுல அதைத் தடவினா? பாஸ்பாரிக் அமிலமே பாஸ்பேட்தான். ஒருத்தர் துண்டு போட்ட பஸ்ஸுக்குள்ள ஒரு கல்யாண பார்ட்டியையே ஏத்தின மாதிரி. சுத்தம் பண்றோம்னு நினைச்சு, மிச்சமிருந்த சீட்டையும் அடைச்சிடறோம். புவோனோகோர் காலத்துல இருந்து கைக்குப் பழகின நல்ல பழக்கம், இந்த ஒரு பொருள்ல எதிரியாயிடுது.

இதுக்குத் தீர்வு எளிமையானது. முதல்ல போட்டுப் பார்த்து எல்லாம் சரி பண்ணிடணும். அதுக்கு அப்புறம் மணல் வீசணும். இல்ல, லேப்ல ஏற்கெனவே வீசியிருந்தா, பாஸ்பேட்டை எடுக்குறதுக்குன்னே இருக்குற சுத்திகரிப்புப் பசையைத் தடவிக் கழுவணும். அதுல ஒரு வகையோட தத்துவம் அழகு: பசைக்குள்ளேயே நிறைய சிர்கோனியாத் துகள் மிதக்கும். கேப் மேல இருக்குற பாஸ்பேட்டுக்கு, "அங்கே ஒரு சீட்டுல நெருக்கிட்டு ஏன் இருக்க, இந்தப் பக்கம் காலி பஸ் வந்திருக்கு"னு சொல்லி இழுத்துக்கும். அப்புறம் எம்டிபி ப்ரைமர். அப்புறம் பிசின் சிமென்ட். நடுவுல விரல் கூட உள்ள படக் கூடாது.

2016-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல மார்கஸ் பிளாட்ஸும் கூட இருந்தவங்களும் இதை மூணு எழுத்துல சுருக்கினாங்க: ஏ, பி, சி. மணல் வீச்சு, ப்ரைமர், காம்போசிட் பிசின் சிமென்ட். ABC இல்ல, "APC கான்செப்ட்"டுன்னு எழுத்தைக் கொஞ்சம் மாத்தி, ஏ-க்கு அப்புறம் பி, அதாவது ப்ரைமர், கடைசியா சி. இதுல புதுப் பொருள் எதுவும் இல்ல. வரிசைதான் விஷயம்.

எல்லா கேப்புக்கும் இது வேணுமா?

வேண்டாம். இதை நேர்மையாச் சொல்லணும். பல்லு நல்ல உயரமா, பக்கச் சுவர் கிட்டத்தட்ட நேரா இருந்தா, கேப் குக்கர் மூடி மாதிரி தன் வடிவத்தாலேயே நிக்கும். அதுக்குச் சாதாரண கிளாஸ் அயனோமர் வகை சிமென்ட்டே போதும். அதிகப்படியா வழியறதைச் சுத்தம் பண்றதும் சுலபம். ஊர்ல நல்லா நிக்கிற சிர்கோனியா கேப் நிறைய அப்படி நிக்கறதுதான்.

ஆனா பல்லு குட்டையா இருந்தா, சுவர் ரொம்ப சாய்வா இருந்தா, வடிவம் கை கொடுக்காது. மொத்த பாரமும் பசை மேலதான். அம்மா கேஸ் அதுதான். "பல்லு குட்டை"ங்கறது பல்லைப் பிடுங்கறதுக்குக் காரணம் இல்ல. ஒட்டுற வேலையைச் சரியாப் பண்ணணும்ங்கறதுக்குக் காரணம்.

பசையை மட்டும் நம்பலாமான்னு கேட்டா, அதுக்கும் பதில் இருக்கு. முன்பல் ஒண்ணு இல்லாதவங்களுக்கு, பக்கத்துப் பல்லை ராவாம, அதோட பின்பக்கம் ஒரே ஒரு சிர்கோனியா இறக்கையை ஒட்டி, அதுல பல்லைத் தொங்க விடற பிரிட்ஜ் ஒண்ணு இருக்கு. வடிவப் பிடிப்பு ரொம்பக் கொஞ்சம், நிக்கறதெல்லாம் பசையாலதான். அதே கெர்ன் குழு இப்படி 108 பிரிட்ஜ்களைத் தொடர்ந்து பார்த்து 2017-ல வெளியிட்டாங்க. பத்து வருஷத்துல நிலைச்சது 98.2 சதவீதம். சிலது கழண்டது, ஆனா உடையல, திரும்ப ஒட்டினாங்க. சிர்கோனியாவுல பசை ஒட்டாதுங்கறது உண்மை இல்ல. சும்மா ஒட்டாது, அவ்வளவுதான்.

நீங்க என்ன கேட்கலாம்

டாக்டருக்குப் பாடம் எடுக்கச் சொல்லல. மரியாதையா நாலு கேள்வி கேட்கலாம்.

ஒண்ணு: "டாக்டர், என் பல்லுல கேப் வடிவத்தாலேயே நிக்குமா, பசையை நம்பித்தான் நிக்கணுமா?"

ரெண்டு: பசையை நம்பித்தான்னா, "போட்டுப் பார்த்த அப்புறம் உள்பக்கம் எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?"

மூணு: "சிர்கோனியாவுக்கான ப்ரைமர் போடுவீங்களா?" சில சிமென்ட்லயே எம்டிபி கலந்திருக்கும், அதுவும் சரியான பதில்தான்.

நாலு: கேப்போட வாரன்டி கார்டை வாங்கி வெச்சுக்கோங்க. எந்த வகை சிர்கோனியான்னு பின்னாடி தெரிய வேண்டியிருக்கும்.

கேப் கழண்டா, முதல்ல அதைத் தூக்கிப் போடாதீங்க. உள்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணாதீங்க, அதுலதான் துப்பு இருக்கு. சின்ன டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போங்க. கடையில கிடைக்குற இன்ஸ்டன்ட் பசையை வெச்சு வீட்டுல ஒட்டவே ஒட்டாதீங்க. அது வாய்க்கான பொருள் இல்ல, கோணலா உட்கார்ந்துட்டா எடுக்கறது பெரும்பாடு. தள்ளியும் போடாதீங்க. ரூட் கெனால் பண்ண பல்லுல நரம்பு இல்ல, அதனால வலிக்காது. வலிக்கலைன்னு விட்டா உள்ள சொத்தை சத்தமில்லாமப் போகும், பல்லு உடையலாம். பக்கத்துப் பல்லும் மெல்ல நகரும், பழைய கேப் பொருந்தாமப் போயிடும். அப்போதான் நிஜமாவே பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

அப்புறம் என்ன ஆச்சு?

அக்கா புது கேப் போடல. அதே கேப்தான். ஓரம் நல்லாப் பொருந்துது, விரிசல் எதுவும் இல்லன்னு பார்த்துட்டு, பல்லு மேல இருந்த பழைய சிமென்ட்டைச் சுரண்டி எடுத்தாங்க. கேப்பைப் போட்டுப் பார்த்தாங்க, கழட்டினாங்க. பேனா சைஸ்ல ஒரு கருவி, அதுல சர்ருனு சில விநாடி. பளபளன்னு இருந்த உள்பக்கம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி மங்கலாச்சு. காத்தடிச்சுத் தூசியை ஊதினாங்க. ப்ரைமர் தடவினாங்க. அம்மா வாயில பஞ்சு வெச்சு எச்சில் வராம அடைச்சாங்க. "பேசாதீங்கம்மா"ன்னு சொன்னாங்க. அம்மாவுக்கு அதுதான் அன்னைக்கு நடந்ததிலேயே கஷ்டமான வேலை.

அதுக்கப்புறம் ரெண்டு தீபம் போயாச்சு. கேப் இருக்கு. நிரந்தரமா இருக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன், அக்காவும் சொல்லல. "இன்னும் கழண்டா திரும்பக் கொண்டு வா, உள்பக்கத்தைப் பார்ப்போம்"னாங்க. எனக்கு அந்தப் பதில் பிடிச்சிருந்தது.

அம்மா மட்டும் இப்போ பொரி உருண்டையை இடது பக்கம்தான் கடிக்கறாங்க. "மணலை அடிச்சாங்களோ மண்ணை அடிச்சாங்களோ, எனக்கு எதுக்குடா வம்பு"ன்னு சொல்றாங்க. பாகு பதமும் மாத்திட்டாங்க.

இவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுல யாருக்காவது கேப் கழண்ட கதை இருந்தா, எந்தப் பக்கம் சிமென்ட் இருந்ததுன்னு சேர்த்து எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.